டிவிடி அடிக்கிற நேரம் டிரைவ் கழண்டு கழண்டு வருது, லினக்ஸ் மின்ட்ல 73, 03 எண்டு ஒரு எரர்

கல்லடிப் பொடியன் (மட்டக்களப்பு), வெள்ளி இரவு 10.40

வணக்கம். தலை வெடிக்கிற அளவுக்குப் போனதாலதான் இதை எழுதுறன்.

என்ட லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட் 21.3 (விண்டோஸுக்குப் பதிலா ஓடுறது), எக்ஸ்எஃப்சிஇ. அதில டிவிடி டிரைவ் ஏற்கனவே செத்துப் போச்சு. கட்டார்ல இருக்கிற மச்சான் போன வருசம் வரக்குள்ள, யூஎஸ்பியில குத்துற மெல்லிசான டிவிடி ரைட்டர் ஒண்டு கொண்டு வந்து தந்தவன். வாசிக்கிறதுக்கு ஒரு குறையும் இல்ல. பழைய பாட்டு சீடி, கலியாண வீட்டு டிவிடி எல்லாம் சத்தம் இல்லாம ஓடுது. எழுதப் போனாத்தான் பிரச்சினை.

விசயம் இதான். எங்கட பெரியப்பா படுவான்கரைப் பக்கம் அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர். போன வருசம் மோசம் போயிட்டார். 2003ல, சமாதான காலத்தில, விடிய விடிய அவர் ஆட்டுவிச்ச வடமோடிக் கூத்தை மாமா மினி டிவி (சின்ன டேப் போடுற) கமராவில எடுத்து வச்சிருந்தவர். அதைக் கம்பியூட்டருக்கு ஏத்தி, வெட்டி ஒட்டி, 3 டிவிடியாப் பிரிச்சு ஐஎஸ்ஓ (டிஸ்க் முழுக்க ஒரே ஃபைலா) செய்திட்டன். ஆண்டுத் திவசத்துக்கு 12 வீட்டுக்குக் குடுக்கோணும். 12 தரம் 3, 36 டிஸ்க். 50 டிஸ்க் உள்ள ஒரு டப்பா வாங்கினன்.

இதுவரைக்கும் 7 டிஸ்க் போச்சு. நாலு, தொடங்கின உடனேயே போச்சு. மற்ற மூண்டும் 11, 23, 30 வீதம் மட்டும் போய் நிண்டது. டிஸ்க் எழுதுற புரோகிராம் பிரசெரோவில அடிச்சா 'எழுதுறதில பிழை' எண்டு மட்டும் சொல்லுது, ஏன் எண்டு சொல்லுதில்ல. கே3பியும் அப்படித்தான். ரைட்டர் வித்த கடைக்குப் போன் போட்டு மச்சான் கேட்டதுக்கு, 'லினக்ஸ்ல வேலை செய்யாது, விண்டோஸ் போடுங்க' எண்டாங்களாம்.

உண்மையிலேயே லினக்ஸ்தான் பிரச்சினையா? போன 7 டிஸ்க்கையும் அம்மா கோர்த்துக் கத்தரித் தோட்டத்தில குருவிக்குக் கட்டிட்டா. இன்னும் தந்தா மிளகாய்க்கும் கட்டலாமாம்.


மட்டுநகர் மன்மதன், வெள்ளி இரவு 11.02

இந்தக் காலத்தில ஆர் மச்சான் டிவிடி பாக்கிற? பென்டிரைவ்ல போட்டுக் குடு. இல்லாட்டி யூடியூப்ல ஏத்து.


கல்லடிப் பொடியன், வெள்ளி இரவு 11.09

யூடியூப்ல ஏத்தினா வெளிநாட்டுல இருக்கிற பிள்ளையள் பாப்பாங்க. நான் குடுக்கிற ஆக்களுக்கு எல்லாம் எழுபது வயசுக்கு மேல. பெரியம்மாட வீட்டுல இருக்கிற பிளேயர்ல யூஎஸ்பி ஓட்டையே இல்ல. தட்டைத் தள்ளினா உள்ளுக்குப் போகும், படம் வரும், அவ்வளவுதான் அவவுக்குத் தெரியும். சல்லாரிக்காரர் (கூத்துக்குத் தாளம் போட்டவர்) ஒருவர் போன மாசமே கேட்டிட்டார், 'தம்பி, என்ட சத்தம் அதில வருமா' எண்டு. அவருக்கு நான் லிங்க் அனுப்பேலுமா?


சோல்டரிங் நானா (கல்முனை), சனி காலை 6.15

தம்பி, லினக்ஸ்ல பிழை இல்ல. அதை முதல்ல மனசில இருந்து எடு. நான் 2009ல இருந்து லினக்ஸ்லதான் டிஸ்க் அடிக்கிறன்.

பிரசெரோ, கே3பி எல்லாம் மேல போத்தின சட்டை. டிவிடிக்கு உள்ளுக்க இருந்து எழுதுறது வேற ஒண்டு, கூடுதலா க்ரோஐசோஎஃப்எஸ். சட்டைக்காரன் 'பிழை' எண்டு மட்டும்தான் சொல்லுவான். உள்ளுக்க இருக்கிறவன்தான் என்ன பிழை எண்டு சொல்லுவான். அதால நேரா அவனையே கூப்பிடு.

ரெண்டு டெர்மினல் (கட்டளை தட்டுற ஜன்னல்) திற. ஒண்டில சூடோ போட்டு டிமெசெக் -டபிள்யூ எண்டு அடிச்சு விட்டிரு. கேர்னல் (லினக்ஸ்ட நடு மூளை) பேசிறதை அது வர வரக் காட்டும். மற்றதில:

க்ரோஐசோஎஃப்எஸ் -டிவிடி-காம்பாட் -ஸ்பீட்=4 -இசட் /டெவ்/எஸ்ஆர்0=கூத்து1.ஐஎஸ்ஓ

(எஸ்ஆர்0 எண்டது உன்ட டிரைவ். இங்கிலிஷ் எழுத்தில தட்டு. இசட் மட்டும் பெரிய எழுத்து. என்ட போன்ல தமிழ் கீபோர்ட்தான் இருக்கு.)

'டிவைஸ் பிசி' எண்டு வந்தா பயப்படாத. ஃபைல் மனேஜரோ கே3பியோ டிரைவைப் பிடிச்சு வச்சிருக்கு எண்டு அர்த்தம். அதுகளை மூடிப்போட்டுத் திரும்ப அடி.

ரெண்டு டெர்மினல்லயும் வாறதை இஞ்ச எழுது. அதோட இதுக்கும் பதில் சொல்லு: எந்த யூஎஸ்பி ஓட்டையில குத்துற? இடையில எக்ஸ்டென்சன் வயர் கிடக்கா? ஐஎஸ்ஓ எங்க கிடக்கு? டிரைவ்ட அடியில ஒட்டின ஸ்டிக்கர்ல எத்தின அம்பியர் போட்டிருக்கு?


கல்லடிப் பொடியன், சனி பகல் 1.30

நானா, மெத்தப் பெரிய நன்றி. இன்னொரு டிஸ்க்கைப் பலி குடுத்துச் செய்து பாத்தன்.

க்ரோஐசோஎஃப்எஸ் ஒரு நிமிசம் யோசிச்சிட்டு இப்படிச் சொன்னது: பெர்ஃபார்ம் ஓபிசி ஃபெயில்ட், எஸ்கே=3எச், ஏஎஸ்சி=73எச், ஏஎஸ்சிகியூ=03எச், இன்புட் அவுட்புட் எரர்.

அந்த நேரம் காதை டிரைவுக்குக் கிட்டக் கொண்டு போய்க் கேட்டன். முதல்ல டிஸ்க் சுத்துற இரைச்சல் ஏறிச்சு. மறுகா பல்லி சொல்லுற மாதிரி டிக், டிக் எண்டு ரெண்டு தரம். முன்னால இருக்கிற சின்ன லைட் மங்கிப் போய்த் திரும்பப் பத்திச்சு. சுத்துறது இறங்கிப் போய், திரும்ப முதல்ல இருந்து தொடங்கிச்சு.

டிமெசெக்ல அதே நேரம் யூஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 7 எண்டு வந்தது. ரெண்டு செக்கன் கழிச்சு நியூ ஹைஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ் நம்பர் 8. நான் கையால ஒண்டையும் கழட்டல்ல! மேசையைக் கூடத் தொடல்ல.

மற்றக் கேள்விகளுக்கு: லேப்டாப்ல மூண்டு ஓட்டை, எல்லாம் கறுப்பு. ஒண்டில மவுஸ். ஒண்டில வெளி ஹார்ட் டிஸ்க், ஐஎஸ்ஓ எல்லாம் அதுலதான் கிடக்கு, அதுவும் யூஎஸ்பியிலதான் ஓடுது, தனி கரண்ட் இல்ல. மூண்டாவதில ரைட்டர். மேசைக்கு எட்டாததால ஒண்டரை மீட்டர் எக்ஸ்டென்சன் ஒண்டு போட்டிருக்கு, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட 250 ரூவாய்க்கு வாங்கினது.

டிரைவ்ட ஸ்டிக்கர்ல 5 வோல்ட், 1.6 ஏ எண்டு கிடக்கு.

இன்னொண்டு. ரைட்டரோட வந்த வயர்ல ஒரு பக்கம் ரெண்டு தலை இருந்தது. லேப்டாப்ல ஓட்டை காணாததால ஒரு தலையைத் தேவையில்ல எண்டு நினைச்சு டேப் சுத்தி வச்சிட்டன்.


சோல்டரிங் நானா, சனி பின்னேரம் 4.50

அந்தக் கடைசி வரியை முதல்ல எழுதியிருந்தா எட்டாவது டிஸ்க் தப்பியிருக்கும்.

டேப் சுத்தி வச்சியே, அதுதான் தம்பி உன்ட மருந்து. ஒரு தலையில டேட்டாவும் கரண்டும் போகும். மற்றத் தலை கரண்டுக்கு மட்டும். வயரைச் செய்தவன் சும்மா ரெண்டு தலை வைக்கல்ல.

கணக்கைப் பார். யூஎஸ்பி 2 ஓட்டை தரவேண்டியது 500 மில்லி அம்பியர். நீல நாக்கு வச்ச யூஎஸ்பி 3 எண்டாலும் 900தான். உன்ட டிரைவ் 1.6 அம்பியர் கேக்குது. எல்லா நேரமும் கேக்காது. வாசிக்கக்குள்ள கொஞ்சம் போதும், அதான் பாட்டு சீடி சத்தமில்லாம ஓடுது. டிஸ்க்கைச் சுழட்டி எடுக்கிற நேரமும், லேசர் எழுதுற பலத்துக்கு ஏறுற நேரமும்தான் வாய் பிளக்கும்.

அதுக்கு மேல அந்த 250 ரூவாய் வயர். அப்படி மலிவு வயருக்குள்ள கூடுதலா 28 கேஜ் கம்பி, முடி மாதிரி. அது மீட்டருக்கு 0.2 ஓம் சொச்சம். கரண்ட் போயிட்டுத் திரும்பியும் வரோணும், அப்ப ஒண்டரை மீட்டர் எண்டது மூண்டு மீட்டர். ஒரு அம்பியர் இழுத்தாலே வயருக்குள்ள 0.6 வோல்ட் விழுந்திரும். 5 வோல்ட் புறப்பட்டு 4.4 தான் டிரைவுக்குப் போய்ச் சேருது. பக்கத்தில ஹார்ட் டிஸ்க்கும் அதே லேப்டாப்ல பால் குடிக்குது. லைட் மங்கினதைக் கண்டியே, அது வேற ஒண்டுமில்ல, வோல்ட் விழுந்ததுதான். விழுந்தவுடன டிரைவ்ட மூளை நிண்டு திரும்பத் தொடங்குது, கேர்னலுக்கு அது ஆரோ கழட்டிக் குத்தின மாதிரித் தெரியுது. அதான் 7 போய் 8 வந்தது.

73, 03க்கும் ஒரு அர்த்தம் இருக்கு. எழுத முன்னம் டிரைவ் டிஸ்க்குட உள் விளிம்பில ஒரு சின்ன இடத்தில லேசரைக் கூட்டிக் குறைச்சு எழுதிப் பாத்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு பலம் சரி எண்டு தானே அளந்து எடுக்கும். ஓபிசி எண்டது அதைத்தான். நீ குருத்தோலை வெட்ட முன்னம் கத்தியைக் கல்லில தீட்டிப் பாக்கிற மாதிரி. அந்த அளவு சரிவரல்ல எண்டா 73, 03. காரணம் கரண்டாவும் இருக்கலாம், லென்ஸ்ல தூசா இருக்கலாம், டிஸ்க்குட மருந்து மோசமாவும் இருக்கலாம். உன்ட கேஸ்ல டிமெசெக் சாட்சி சொல்லிட்டு, கரண்ட்தான்.

செய்யவேண்டியது: எக்ஸ்டென்சனைத் தூக்கி எறி. ஐஎஸ்ஓவை லேப்டாப்ட உள் டிஸ்க்குக்கு கொப்பி பண்ணிட்டு வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டு. மவுசையும் கழட்டு, டச்பேட் இருக்குதானே. ரெண்டு தலையையும் குத்து. அதுக்கும் மசியாட்டி, தனி அடாப்டர் வச்ச யூஎஸ்பி ஹப் ஒண்டு வாங்கு. அடாப்டர் இல்லாத ஹப் வாங்கிராத, அது பசிச்சவன் வீட்டுல விருந்து கேக்கிற கதை.

இன்னும் ஒண்டு. தொடக்கத்திலேயே 73, 03 எண்டு நிண்ட டிஸ்க்கில தரவு இடத்தில ஒண்டும் எழுதுப்பட்டிருக்காது. டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ மீடியாஇன்ஃபோ எண்டு ஒரு கட்டளை இருக்கு, அதைப் போட்டுப் பார். 'டிஸ்க் ஸ்டேடஸ்: பிளாங்க்' எண்டு வந்தா அது உயிரோடதான் இருக்கு. 11 வீதம், 23 வீதம் போய் நிண்டதுகள் குருவிக்குத்தான்.


வந்தாறுமூலை வாசி, சனி இரவு 8.20

எனக்கும் இதே பிரச்சினை நானா. உபுண்டுவில படங்கள் சீடியில அடிச்சன், அடிச்சு முடிஞ்சது எண்டு சொல்லிச்சு. ஆனா முழுசா இமேஜ் (சீடிட முழுக் கொப்பி) எடுக்கப் போனா கடைசியில ஐ ஓ எரர், எஸ்ஆர்0, செக்டர் எண்டு வருது. படங்கள் எல்லாம் திறக்குது. எனக்கும் கரண்டா?


சோல்டரிங் நானா, சனி இரவு 9.05

இதே பிரச்சினை இல்ல, வேற பிரச்சினை. உனக்கு ஒண்டும் பழுதில்ல.

சீடியை டிராக் அட் வன்ஸ் (டிராக் டிராக்கா எழுதுற) முறையில எழுதினா டிராக்குட வாலில ரெண்டு புளொக் சும்மா விடுப்படும். அது கணக்கில சேரும், ஆனா வாசிக்கேலாது. லினக்ஸ் எப்பவும் கொஞ்சம் முன்னுக்கு ஓடி வாசிக்கிற பழக்கக்காரன், போய் அந்த ரெண்டிலயும் முட்டிக்கொண்டு சத்தம் போடும். அடுத்த முறை இமேஜ்ட கடைசியில 150 செக்டர் வெறும் பூச்சியம் சேர்த்து அடி, 300 கேபிதான். இல்லாட்டி டிஸ்க் அட் வன்ஸ்ல (முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில) அடி.


திருக்கோவில் ஸ்டூடியோ அக்கா, ஞாயிறு காலை 9.30

தம்பி, நானா கரண்டைப் பாத்திட்டார், நான் டிஸ்க்கைப் பத்திச் சொல்றன். பதினைஞ்சு வருசம் கலியாண வீடும் சாமத்திய வீடும் டிவிடி அடிச்சே சீவிச்சவள்.

டப்பாவில வாற டிஸ்க்கை மூடியைத் திறந்து மேசையில வைக்காத. எங்கட கடல் காத்துக்கு இரும்பே கறள் பிடிக்குது. இருட்டில, மூடி வை. முதல் டிஸ்க்கும் கடைசி டிஸ்க்கும் கூடுதலா அழுக்காத்தான் இருக்கும், அதுகளைச் சோதனைக்கு எடு.

வேகம் 4 எக்ஸ் சரி. 4.7 ஜிபி நிறைஞ்ச டிஸ்க் ஒண்டுக்குப் பதினாலு, பதினைஞ்சு நிமிசம் போகும். ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். 1 எக்ஸ்ல அடிச்சா இன்னும் நல்லா வரும் எண்டு சிலர் சொல்லுவாங்க, கேக்காத. இப்பத்தைய டிஸ்க் அவ்வளவு மெதுவா எழுதுறதுக்குச் செய்ததில்ல. 8 எக்ஸ்ல அடிச்சா அந்த மெல்லிசு டிரைவ் கூடக் கரண்ட் கேக்கும், பழைய பிளேயரும் சில நேரம் தடக்கும்.

முக்கியமா, ஐஎஸ்ஓ செய்யக்குள்ள பால் எண்ட டிவி முறையில செய்தியா? 720க்கு 576, செக்கனுக்கு 25 ஃப்ரேம். உன்ட மினி டிவி கமரா இலங்கையில வாங்கினது எண்டா அதுவும் பால்தான், மாத்த வேண்டி வராது. சொஃப்ட்வெயர் தானா என்டிஎஸ்சி (மற்ற டிவி முறை) எண்டு எடுத்திருந்தா ஆட்டம் வெட்டி வெட்டி வரும். கூத்தில கால் வெட்டினா அண்ணாவியார் மேல இருந்து ஏசுவார்.

மேல ஸ்டிக்கர் ஒட்டாத. ஒரு பக்கம் பாரம் கூடி டிஸ்க் ஆடும், வெக்கைக்குப் பசையும் கழரும். டிஸ்க்குக்கெண்டு விக்கிற பேனையால எழுது.


கல்லடிப் பொடியன், செவ்வாய் இரவு 9.45

நானா, அக்கா, ரெண்டு பேருக்கும் கோடி புண்ணியம்.

ஞாயிறு பின்னேரம் எல்லாத்தையும் கழட்டிட்டு ரெண்டு தலையையும் குத்தி அடிச்சன். டேப்பை உரிக்கவே பத்து நிமிசம் போச்சு, வெக்கைக்குப் பசை இளகித் தலையோட ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சன். (நானா ஏசாதீங்க, நல்லாக் காயவிட்டுத்தான் குத்தினன்.) அடிக்கத் தொடங்கினாப் பிறகு டிமெசெக் ஜன்னலையே பாத்துக்கொண்டிருந்தன். ஒரு வரியும் வரல்ல. லைட் மங்கல்ல. 14 நிமிசத்தில டிஸ்க் வெளியில வந்திச்சு.

திங்கள் 9 டிஸ்க் அடிச்சன். பத்தாவதில திரும்ப ஒரு டிஸ்கனெக்ட். அந்த நேரம் பாத்தா லேப்டாப் சார்ஜர் சுவர்ல கழண்டு கிடக்கு, பெட்டரி 9 வீதம். தங்கச்சி ஹெயார் ட்ரையர் போடக் கழட்டினவளாம். சார்ஜரைக் குத்தினாப் பிறகு இண்டைக்கு மட்டும் ஒண்டும் பிழைக்கல்ல. இப்ப 31 முடிஞ்சுது, இன்னும் 5 கிடக்கு. சார்ஜர்தான் காரணமா, இல்ல அந்த ஒரு டிஸ்க்தான் மோசமா எண்டு சரியாச் சொல்ல எனக்கு ஏலாது.

அக்கா, பால்தான். பெரியம்மாட பிளேயர்ல போட்டுப் பாத்திட்டன். களரிக்குள்ள (கூத்து மேடை) முதல் வரவுக்கு மத்தளம் விழுந்த உடனே அவ கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுட்டா. சல்லாரிக்காரர்ட சத்தம் நல்லாவே வருது.

ஒரு கேள்வி மட்டும். அடிச்ச டிஸ்க் ஐஎஸ்ஓவோட ஒத்துப் போகுதா எண்டு எப்படிப் பாக்கிற? 36ஐயும் இருந்து பாக்க எனக்கு நேரமில்ல.


சோல்டரிங் நானா, செவ்வாய் இரவு 10.20

சிஎம்பி எண்ட கட்டளை போட்டு ஐஎஸ்ஓவையும் /டெவ்/எஸ்ஆர்0வையும் ஒப்பிடு. 'ஐஎஸ்ஓ முடிஞ்சு போச்சு' எண்டு மட்டும் சொன்னா நல்ல சகுனம், அதுவரைக்கும் உள்ளது எல்லாம் ஒண்டுதான் எண்டு அர்த்தம். டிஸ்க் எழுதக்குள்ள கடைசிக் கட்டத்தை நிரப்ப வெறும் பூச்சியம் சேரும், அதால டிஸ்க் கொஞ்சம் நீளம். 'டிஃபர், பைட்' எண்டு ஒரு நம்பரோட வந்தா அந்த டிஸ்க்கை ஒதுக்கு.

பெட்டரி 9 வீதத்தில டிஸ்க் அடிக்கிறவனுக்கு நான் பதில் சொல்ல மாட்டன். தங்கச்சிக்கு வேற பிளக் ஒண்டு காட்டு.

தோட்டத்தில இருந்த பிளாங்க் டிஸ்க்கைப் பாத்தியா?


கல்லடிப் பொடியன், செவ்வாய் இரவு 10.31

பாத்தன் நானா. தொடக்கத்திலேயே நிண்ட நாலையும் அவிழ்த்து வந்து கழுவி, எட்டாவதையும் சேர்த்து மீடியாஇன்ஃபோ போட்டன். எட்டாவது பிளாங்க், அதில எழுதியும் முடிச்சிட்டன். தோட்டத்தில கிடந்த நாலில ரெண்டு பிளாங்க் எண்டுதான் காட்டுது, மற்ற ரெண்டையும் டிரைவ் அடையாளமே காணல்ல. ஆனா அந்தப் பிளாங்க் ரெண்டையும் வெயில் நாலு நாள் பாத்திருக்கு, கயிறு அராவின கோடு வேற. ஆருக்கும் குடுக்க மனம் வரல்ல.

திரும்பக் கட்டப் போனா அம்மா விடல்ல. இந்த நாலு நாளும் குருவி வந்து கத்தரிப்பூவைக் கொத்திப்போட்டாம், என்னைத்தான் பேசுறா.